வாண்டுமாமாவுக்குத் தமிழ்த்துறையில் ஓரிடம்

தமிழில் சிறுவர்க்கென வெளிவந்த முதல் இதழ் எவ்வூரில் பிறந்தது என்று வினவினால், சென்னை என்றோ மதுரை என்றோதான் பெரும்பாலோர் விடை பகர்வர். 1840ஆம் ஆண்டில் நம் நாகர்கோவிலில் கிறித்தவ சமயத் தொண்டர்களால் வெளியிடப்பெற்ற ‘பாலதீபிகை’ என்னும் காலாண்டிதழையே ஆய்வாளர்கள் முதலாவதாகக் குறிப்பிடுகின்றனர். பின்னர் 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, குழந்தைப் பாடலுக்குத் தமிழில் தனியொரு மதிப்பை ஈட்டித் தந்தார். ஆகவே குழந்தை இலக்கியத்தைப் பற்றி வாய்திறக்க நாஞ்சில் நாட்டாருக்குச் சற்று உரிமை உண்டு. அவ்வுரிமையைத் துணைக்கொண்டு, தமிழ்த்துறையினர் எழுப்பத் தயங்கும் ஒரு வினாவை இம்மலரில் எழுப்ப விழைகின்றேன்.

கவிமணியின் பாடல்களை நாம் வகுப்பில் நடத்துகின்றோம். அழ. வள்ளியப்பாவைக் குழந்தைக் கவிஞர் என்று போற்றுகின்றோம். பாட்டு என்றால் நமக்குத் தயக்கம் இல்லை. யாப்பு இருக்கிறது, அறக்கருத்து இருக்கிறது, தேர்வில் வினாவும் கேட்கலாம். ஆனால் குழந்தைகட்கு உரைநடையில் மந்திரவாதியையும் அரக்கனையும் பறக்கும் பொருள்களையும் படைத்துக் கொடுத்தவர்களை நாம் என்ன செய்தோம்? இலக்கிய வரலாற்று நூல்களின் கடைசி இயலில், ‘சிறுவர் இலக்கியம்’ என்ற உட்தலைப்பின்கீழ், பத்துப் பெயர்களுக்கு நடுவே ஒரு பெயராக வைத்துவிட்டு நகர்ந்துவிட்டோம். அப்படி நகர்ந்து செல்லப்பட்டவர்களுள் முதன்மையானவர் வாண்டுமாமா.

அவருடைய இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டைச் சீமையைச் சார்ந்த அரிமளத்தில் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தார். இளமையில் சிறுவர் இதழ்கள் சிலவற்றில் உழைத்துப் பழகிய பின்னர்க் ‘கல்கி’ நிறுவனத்தை அடைந்து, இருபதாண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றினார். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் பெயரும் கிருஷ்ணமூர்த்திதான் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. பெரியவர்களுக்கு எழுதும்போது இவர் கௌசிகன் ஆனார். ‘பாமினிப் பாவை’, ‘சந்திரனே நீ சாட்சி’ போன்றவை அப்பெயரில் வந்தவை. சிறுவர்கட்கு எழுதும்போது வாண்டுமாமா ஆனார். 1972இல் கல்கி நிறுவனம் தொடங்கிய ‘கோகுலம்’ சிறுவர் இதழை உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது. 1984இல் ‘பூந்தளிர்’ இதழின் ஆசிரியரானார். 2014ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் தம் 89ஆம் அகவையில் மறைந்தார். எழுதிய நூல்கள் நூற்றைம்பதைத் தாண்டும். ‘எதிர்நீச்சல்’ என்று தம் வாழ்க்கை வரலாற்றுக்குப் பெயரிட்டார். சிறுவர்க்கு எழுதிப் பிழைத்த ஒருவர் தம் வாழ்வுக்கு அப்பெயரைத் தேர்ந்தெடுத்தார் என்பதே நமக்கு ஒரு செய்தி.

புனைபெயரைச் சற்று நோக்குவோம். வாண்டு என்பது குறும்புக்காரப் பொடியனைச் சுட்டும் வீட்டுச் சொல். ஆசிரியர், கவிஞர், புலவர் என்ற பட்டம் எதனையும் வேண்டாது, மாமா என்ற உறவை அவர் எடுத்துக்கொண்டார். நம் நாஞ்சில் நாட்டில் மாமா என்றால் ஒரு காலத்தில் பிள்ளைகள் நடுங்கினர். மருமக்கள்வழிக் குடும்பங்களில் காரணவராகிய மாமன் செலுத்திய அதிகாரத்தைக் கவிமணியே மான்மியம் பாடி எள்ளியிருக்கின்றார். வாண்டுமாமா அந்த வகை மாமா அல்லர். வெளியூரிலிருந்து வந்து, சட்டைப்பையில் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு, ‘என்னவென்று சொல் பார்க்கலாம்’ என்று கேட்கும் மாமா. கண்டிக்கும் பொறுப்பைத் தாய் தந்தையர்க்கும் ஆசிரியர்க்கும் விட்டுவிட்டு, வியக்கவைக்கும் பொறுப்பை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். தமிழ்ச் சிறுவர் உரைநடையில் இது சிறிய மாற்றம் அன்று. அதுவரை சிறுவர் கதை என்றால் இறுதியில் ஓர் அறிவுரை தொங்கும்; கதை அந்த அறிவுரையைத் தூக்கி வரும் பல்லக்காக மட்டுமே இருக்கும்.

அவர் நூல்களின் தலைப்புகளைச் சொன்னாலே இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்களின் முகம் மலர்வதைக் காணலாம். ‘ஓநாய்க்கோட்டை’, ‘நெருப்புக் கோட்டை’, ‘மாயச்சுவர்’, ‘கண்ணாடி மனிதன்’, ‘மூன்று மந்திரவாதிகள்’, ‘கனவா? நிஜமா?’ என்று அவை விரியும். சுவர், கண்ணாடி, கோட்டை, நெருப்பு ஆகிய அனைத்தும் பிள்ளை அறிந்த பொருள்களே. அவற்றோடு பிள்ளை அறியாத ஒன்றைச் சேர்த்து முடிச்சிடுவதுதான் அவர் கையாண்ட உத்தி. ‘பலே பாலு’ என்னும் சிறுவனை நாயகனாக்கி அவர் எழுதிய சித்திரக்கதைகளுள் ஒன்றின் தலைப்பு ‘பலே பாலுவும் பறக்கும் டிராயரும்’. அரபுக் கதைகளில் இளவரசர்கள் ஏறிப் பறந்த இரத்தினக் கம்பளத்தை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் அரைக்கால் சட்டை அணிந்த பள்ளிச் சிறுவன் கம்பளத்தை எங்கே காண்பான்? ஆகவே அவன் அணிந்திருந்த டிராயரே பறந்துவிட்டது! இந்த ஒரு தலைப்பில் உள்ள கற்பனையையும் நகைச்சுவையையும் விளக்க நமக்கு ஒரு மணிநேர வகுப்பு வேண்டும். ஓவியர் செல்லத்தின் கோடுகள் இத்தகைய கதைகட்கு உயிரூட்டின. அவ்வோவியரைப் பற்றியும் எவரேனும் தனியே எழுதுதல் நன்று.

இவ்விடத்தில் சான்றோர் சிலர் எழுப்பக்கூடிய எதிர்வினாவை நான் அறிவேன். மந்திரமும் மாயமும் பொய்யல்லவா? பொய்யைப் பிள்ளைகட்குப் பருகக் கொடுப்பது தகுமா? மூடநம்பிக்கையை வளர்ப்பதன்றோ இது? பகுத்தறிவாளரும் இதைக் கேட்கின்றனர். மார்க்கப் பற்றுள்ள பெரியோரும் இதையே கேட்கின்றனர். இரு சாராரும் ஒரே வினாவில் வந்து நிற்பது சற்றே வியப்புக்குரியது. வினா நேர்மையானதாகையால் விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும்.

முதலில் நம் மரபை நோக்குவோம். பஞ்சதந்திரக் கதைகளைப் பாரசீக வழியாகப் பெற்று, எட்டாம் நூற்றாண்டில் ‘கலீலா வ திம்னா’ என அரபு உரைநடையில் ஆக்கித் தந்தவர் இப்னுல் முகஃப்ஃபா. அதில் பேசுவன நரிகள். பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழுவினர், ஜின்களின் அரசன் முன்னிலையில் விலங்குகள் மனிதன்மீது வழக்குத் தொடுப்பதாக ஒரு நெடுங்கதையைத் தம் தத்துவ நூலுக்குள்ளேயே அமைத்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் இப்னு துஃபைல், ஆளில்லாத் தீவில் மான் பாலூட்டி வளர்த்த ஒரு சிறுவன் தானே சிந்தித்து உண்மையை எய்துவதாக ‘ஹை இப்னு யக்ழான்’ கதையை எழுதினார். இவர்கள் பொய்யைப் பரப்பியவர்கள் என்று எவரும் கூறார். தமிழ் முஸ்லிம்களின் கிஸ்ஸாக்களிலும், ‘அலிபாதுஷா நாடகம்’ போன்ற நாடகங்களிலும் கற்பனைக்குக் குறைவில்லை. கண்டியின் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’, பச்சிளம் பருவத்தில் கடத்தப்பட்ட ஒரு பிள்ளையின் வியத்தகு பயணக் கதை. தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று. கற்பனைக்கு அஞ்சிய மரபு நம்முடையது அன்று.

ஆனால் மரபை மட்டும் காட்டி வினாவுக்கு விடையிறுத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. முன்னோர் செய்தனர் என்பதனால் ஒன்று நன்றாகிவிடாது. கதையின் இயல்புக்குள்ளேயே விடையைத் தேடல் வேண்டும்.

நம் மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் ஒரு கிராமத்தின் ஜின் அச்சங்களையும், அவ்வச்சங்களை முதலாக்கிப் பிழைக்க வரும் போலித் தங்ஙளையும் காட்டியுள்ளார். அக்கிராமத்தார் ஏமாந்ததற்குக் காரணம் அவர்கள் மிகுதியான கதை கேட்டமை என்றா சொல்வோம்? கதையைக் கதையென்று பிரித்துணரும் பயிற்சி அவர்க்கு வாய்க்கவில்லை என்பதே என் துணிபு. ஒன்றைக் கதை என்று அறிந்தே கேட்பது வேறு. ஒருவர் வந்து இது நடந்தது, நம்பு, காணிக்கை வை என்று சொல்வது வேறு. ‘மூன்று மந்திரவாதிக’ளைப் படித்து முடித்த பிள்ளை, நூலை மூடியவுடன் மந்திரவாதி உள்ளேயே தங்கிவிடுவான் என்பதை அறியும். கதையில் வரும் மந்திரத்துக்கு ஒரு விதி உண்டு, ஒரு விலை உண்டு, அதை முறியடிக்க ஒரு வழியும் உண்டு என்பதையும் அப்பிள்ளை பல கதைகளைப் படித்துப் பழகித் தெரிந்துகொள்ளும். அப்படிப் பழகிய பிள்ளையிடம் பின்னாளில் ஒருவன் தகடும் தாயத்தும் கொண்டுவந்தால், ‘இவன் எந்தக் கதையில் வருபவன்?’ என்று ஐயுறும். கதையே கேளாது வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஐயம் எழுதல் அரிது.

இது என் ஊகம் மட்டுமே என்று ஒதுக்குவோர்க்கு இரண்டு சான்றுகளை வைக்கின்றேன். 1947ஆம் ஆண்டு ஜூலையில் நாகிரெட்டி, சக்கரபாணி இருவரும் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வை அறியாதார் இலர். முருங்கை மரத்தினின்றும் உடலை இறக்கித் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனையும், அவ்வுடலுக்குள்ளிருந்து கதை சொல்லும் வேதாளத்தையும் சங்கர் வரைந்த படத்தை ஒருமுறை கண்டவர் மறவார். பழைய நூலில் இருந்த வேதாளக் கதைகள் இருபத்தைந்தே. இதழிலோ அவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. புதுப்புதுக் கதைகளை அந்தச் சட்டத்துக்குள் பொருத்திக்கொண்டே சென்றனர். 1952 முதல் 1980 வரை அவ்விதழைச் செதுக்கிய ஆசிரியர் கொடவடிகண்டி குடும்பராவ், தெலுங்குலகம் நன்கறிந்த பகுத்தறிவாளர், பொதுவுடைமைச் சார்பினர். பேயை நம்பாத ஒருவர் ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் வேதாளத்தைப் பேணி வளர்த்தார்! ஏன்? வேதாளம் கதையின் முடிவில் ஒரு வினாவைக் கேட்கும். விடை தெரிந்தும் மௌனமாக இருந்தால் தலை வெடித்துவிடும். யார் செய்தது சரி, யாருக்குப் பரிசு உரியது, குற்றம் எவருடையது என்று பிள்ளை தன் மனத்துள் வழக்காடிய பின்னரே அரசனின் விடையைப் படிக்கும். நீதி கூறும் கதையைவிட, நீதி கேட்கும் கதை மேலானது என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார்.

அவ்விதழிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. 1954 தொடங்கிப் பல்லாண்டுகள் வண்ணப் படங்களோடு வெளிவந்த மாயாசாலத் தொடர்கள் பன்னிரண்டையும் எழுதியவர் தாசரி சுப்பிரமணியம் என்னும் தெலுங்கு எழுத்தாளர். தொடர்களில் அவர் பெயர் அச்சாகவில்லை. தென்னகம் முழுவதும் பிள்ளைகள் அவர் கதைக்காக மாதப்பிறப்பை நோக்கியிருந்தனர். அவர்களுள் ஒருவருக்கும் அவர் யாரென்று தெரியாது. 2010இல் அவர் மறைந்தார். வாண்டுமாமாவுக்காவது ஒரு பெயர் இருந்தது.

இரண்டாவது சான்று வாண்டுமாமாவேதான். மாயக் கோட்டைகளைக் கட்டிய அதே கை, ‘மருத்துவம் பிறந்த கதை’, ‘தோன்றியது எப்படி?’, ‘அன்றிலிருந்து இன்று வரை’ போன்ற அறிவுநூல்களையும் சிறுவர்க்கு எழுதித் தந்தது. அறிவியல் வேறு, கற்பனை வேறு என்று நாம் பாடநூலைப் பிரிப்பதுபோல அவர் தம் மனத்தைப் பிரித்துக்கொள்ளவில்லை. மனிதன் கண்ணாடியானால் என்ன ஆகும் என்று வினவும் மனமும், இந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்று வினவும் மனமும் ஒன்றே என்பதை அவர் எழுத்து முழுவதும் காட்டுகிறது. இவ்விரு வகை நூல்களையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தால் நல்லதோர் ஆய்வேடு கிடைக்கும்.

‘பூந்தளிர்’ பற்றி நம் மாவட்டத்தார் சிறப்பாக அறிய வேண்டிய ஒன்றுண்டு. அவ்விதழை வெளியிட்ட பைகோ நிறுவனம் கொச்சியைச் சார்ந்தது. மலையாளத்தில் ‘பூம்பாற்ற’ என்ற சிறுவர் இதழை நடத்திவந்த அந்நிறுவனத்தின் தமிழ்க் கன்றே பூந்தளிர். வால் நீளும் குரங்காகிய கபீஷ் இரு மொழிகளிலும் வந்தது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் இருமொழியும் பேசும் வீடுகளில் அக்காள் பூம்பாற்றவிலும் தம்பி பூந்தளிரிலும் அதே குரங்கைக் கண்டிருக்கக்கூடும். ஆனால் தமிழ்ப் பதிப்பைப் பிறமொழிச் சரக்கின் வெறும் பெயர்ப்பாக வாண்டுமாமா விட்டுவிடவில்லை. ஆங்கிலத்தில் ‘ஷிகாரி சம்பு’ என்றிருந்தவர் தமிழில் ‘வேட்டைக்கார வேம்பு’ ஆனார். காகம் ‘காக்கை காளி’ ஆயிற்று. வேம்பு என்ற பெயரில் ஒரு தாத்தா எல்லாத் தெருவிலும் இருப்பார் என்பதே அதன் சுவை. மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இப்பெயர்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அத்துடன் அந்தப் படக்கதைகளுக்கு நடுவே தம் சொந்தக் கதைகளையும் அறிவியற் செய்திகளையும் அவர் நிரப்பினார். பூந்தளிர் சில ஆண்டுகளே வாழ்ந்தது. இதற்கு நேர்மாறாக, மலையாளச் சிறுவர் இதழ்கள் நிலைத்து நின்று வளர்ந்தன. எல்லையோர ஊர்களில் ‘பாலரமா’வின் மாயாவிக் குட்டிச்சாத்தானை அறிந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். பிறமொழியைப் படிப்பது நன்றே. தன் மொழியில் படிக்க ஒன்றுமில்லாமற் போவதுதான் வருந்தத்தக்கது.

வாண்டுமாமாவைக் குறையேதும் அற்றவர் என்று நிறுவ நான் முனையவில்லை. பாராட்டு மட்டும் எழுதுவது அவருக்கு நாம் செய்யும் மற்றொரு புறக்கணிப்பாகும். அவர் விரைவாக எழுதியவர், நிரம்ப எழுதியவர். மாதந்தோறும் பக்கம் நிரப்ப வேண்டிய இதழாசிரியரின் நெருக்கடி சில கதைகளில் தெரிகிறது. மேனாட்டுக் கதைகளின் சாயல் பலவிடத்தும் உண்டு. அவருடைய உலகம் பெரும்பாலும் நகரத்து நடுத்தர வீட்டுப் பிள்ளைகளின் உலகம். பனையேறியின் மகனுக்கும் வலை இழுப்பவரின் மகளுக்கும் அதில் இடம் குறைவு. பெயர்களையே பாருங்கள். பையன் ‘பலே’ பாலு. பெண் ‘சமத்து’ சாரு. குறும்பு செய்யும் உரிமை ஒருவனுக்கும், சமத்தாக இருக்கும் கடமை ஒருத்திக்குமாக அடைமொழியிலேயே பங்கீடு முடிந்துவிட்டது. இன்றைய மாணவியர் இதைச் சுட்டிக்காட்டிச் சினந்தால் அச்சினம் நியாயமானதே. அதையும் ஆய்வில் எழுதட்டும். ஆனால் எழுதுவதற்கு நூல் கையில் இருக்க வேண்டுமே!

உண்மையான இடர் அங்கேதான் இருக்கிறது. சங்க நூல்களை ஓலையில் தேடி உ.வே. சாமிநாதையர் அலைந்த வரலாற்றை நாம் ஆண்டுதோறும் கண்ணீர் மல்கக் கூறுகின்றோம். நம் கண்ணெதிரே, நாற்பது ஆண்டுகட்கு முன்னர் அச்சான இதழ்கள் காணாமற்போவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சிறுவர் இதழ் படிக்கப்படுவதற்காகவே அழிவது. கிழியும், கையெழுத்துப் போடப்படும், படம் கத்தரிக்கப்படும், இறுதியில் பழைய தாள் கடைக்கோ கடலை மடிக்கவோ போய்ச்சேரும். பெரியோர்க்கான இதழ்களுக்குக் கட்டடம் செய்து அடுக்கிய நூலகங்கள், சிறுவர் இதழ்களை அவ்வாறு செய்யவில்லை. நான் சென்று வினவிய ஒரு நூலகத்தில், ‘அந்தப் பிள்ளைப் புத்தகங்களா? இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போட்டாயிற்று’ என்று சிரித்துக்கொண்டே கூறினர். சிரித்தவர்மீது எனக்குக் கோபமில்லை. அவற்றை வைத்திருங்கள் என்று தமிழ்த்துறை எதுவும் அவரிடம் ஒருநாளும் கேட்டிராது.

எஞ்சியிருப்பன பெரும்பாலும் தனியார் ஆர்வலர்களின் வீட்டு அலமாரிகளில் உள்ளவை. பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, தம் இளமையில் படித்த சித்திரக்கதைகளை மீட்டுச் சேர்த்தவர்கள் அவர்கள். பட்டம் வேண்டியும் பதவி உயர்வு வேண்டியும் செய்யவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்களும் துண்டு வெளியீடுகளுமே பின்னர் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். பல்கலைக்கழகங்கள் குப்பை என்று கருதியவற்றை அவர் காத்தார். இன்று பல்கலைக்கழகத்தார் அங்கே போய்க் காத்திருக்கின்றனர்.

ஏற்புடைமை என்னும் செய்தியையும் சொல்லிவிடுகின்றேன். சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்திற்கென ‘பால சாகித்திய புரஸ்கார்’ விருதை 2010 முதல் வழங்கி வருகிறது. அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் வாண்டுமாமா நம்மிடையே வாழ்ந்தார். அவ்விருது அவரைச் சென்றடையவில்லை. விருது பெற்ற பின்வந்தோரில் தகுதியாளர் பலர் உண்டு. 2020இல் விருது பெற்ற எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, பேசும் மரப்பாச்சி பொம்மையைத் துணைக்கழைத்து, ஒரு சிறுமி வெளியே சொல்ல முடியாது தவிக்கும் துன்பத்தைச் சொல்ல வைக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் கேட்கத் தவறியதை ஒரு பொம்மை கேட்கிறது. மாயக்கதை பொய் என்று இன்னும் எண்ணுவோர் அந்நூலைப் படித்துவிட்டு என்னோடு வாதிட வருக. நம் மாவட்டத்தவராகிய ஜெயமோகன் ‘தினமணி’யின் சிறுவர்மணியில் எழுதிய ‘பனிமனிதன்’, இமயத்துப் பனியில் யதி என்னும் மாய உயிரைத் தேடிச் செல்லும் கதை. பெரியோர்க்கு எழுதிய அவருடைய நாவல்களுக்கு ஆய்வேடுகள் குவிகின்றன. பனிமனிதனைத் தொடுவோர் குறைவு. சிறுவர் நூல் என்ற முத்திரை விழுந்துவிட்டால், எழுதியவர் எத்துணைப் பெரியவராயினும் நம் துறைகள் அதனைக் கீழ்த்தட்டில் வைத்துவிடுகின்றன.

தமிழாசிரியர்களாகிய நாம் மாணவர் படிப்பதில்லை என்று குறைகூறாத நாளில்லை. முதலாண்டு வகுப்பில் நுழையும் பிள்ளையின் கையில் சிலப்பதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அவன் கண்ணில் ஒளி இல்லையே என்று வருந்துகின்றோம். அந்த ஒளி எட்டு வயதில் ஏற்றப்பட வேண்டியது. எட்டு வயதில் ஓநாய்க்கோட்டையின் அடுத்த அத்தியாயத்துக்காகத் துடித்தவனுக்கே பதினெட்டு வயதில் கொலைக்களக் காதையை நோக்கிக் கால் நடக்கும். இன்று நடுவயதில் உள்ள தமிழ் எழுத்தாளர் பலரும் தாங்கள் வாசகரானது அம்புலிமாமாவாலும் வாண்டுமாமாவாலும் இரும்புக்கை மாயாவியாலும்தான் என்று வெளிப்படையாகக் கூறிவருகின்றனர். அப்படிக் கூறும் அவர்களை அழைத்துக் கருத்தரங்கு நடத்துகின்றோம். அவர்களை உருவாக்கியவர்களைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவதில்லை. கோகுலம் அச்சில் வருவதும் நின்றுவிட்டது. அம்புலிமாமாவும் நின்றுவிட்டது. அடுத்த பதினெட்டு வயதினர் எங்கிருந்து வருவர் என்பது எனக்கு உறக்கம் கெடுக்கும் வினா.

ஆகவே செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் முன்மொழிகின்றேன். இளங்கலை இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைகளுக்கு ஆண்டுக்கு இரண்டேனும் சிறுவர் உரைநடையிலிருந்து தலைப்பளித்தல் நம் துறைக்கு அரிதன்று. பாலதீபிகை தோன்றிய ஊருக்கு அருகிலுள்ள கல்லூரிகள் அனைத்தும் கூடி, இம்மாவட்டத்தில் எவர் வீட்டில் எந்தச் சிறுவர் இதழ் எஞ்சியுள்ளது என்று ஒரு பட்டியல் எடுத்தாலே அது பெருந்தொண்டு. பொருட்செலவு அதிகமில்லை, ஒரு கோடை விடுமுறையும், பத்து மாணவர்களும், பரணில் ஏறத் தயங்காத மனமும் போதும். பாட்டிமாரும் உம்மாமாரும் சொன்ன கதைகளையும் அதனோடு பதிவு செய்துகொள்ளலாம். கள்ளியங்காட்டு நீலியும் கடற்கரை ஜின்னும் ஒரே பேரேட்டில் அடுத்தடுத்து அமர்வதில் எனக்கு மறுப்பில்லை.

தமிழ்த்துறை நூலகத்தில் கதவுக்கு இடப்புறமுள்ள இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் இதற்கென ஒழிக்கப்பட்டுள்ளன. தக்கலை, திருவிதாங்கோடு, கோட்டாறு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் முதலான ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பார்க்கவும். பூந்தளிர், கோகுலம், அம்புலிமாமா, கண்ணன், முத்து காமிக்ஸ் என எதுவாயினும் சரி. அட்டை இல்லாவிடினும், நடுப்பக்கம் கிழிந்திருப்பினும், யாரோ ஒரு பிள்ளை மீசை வரைந்திருப்பினும் அப்படியே கொண்டுவரலாம். ஒட்டுவதற்குப் பசையும் தாளும் துறையில் உள்ளன.